யார் என்று கேட்காதவர்

எங்கள் ஒஃபிஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், இருந்த இடத்திலிருந்தே "யாரு அடுப்ப வச்சிட்டுப் போனது?" என்று கத்துகிறவன் நான். நான் சொல்ல வருகிறவர் எழுந்து போய் அடுப்பை அணைப்பார். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஒஃபிஸ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள் ஆறு பேர். மென்பொருள் எழுதுவது தொழில். நான் ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், ஒஃபிஸில் டீம் லீடர். அவர் எனக்கு நான்கு வயது இளையவர். மடவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என்னை அண்ணா என்பார், நான் தங்கச்சி என்பேன். உத்தியோகத்தில் அவர் எனக்குக் கீழே. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

எங்கள் தொழிலில் ‘கிட்’ என்று ஒன்று உண்டு. நிரலில் ஒரு வரியைத் தொட்டாலும், என்ன மாற்றம், எத்தனை மணிக்கு, யார் செய்தது என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் ‘கொமிட்’ என்று பெயர். பதியும்போது ஏன் செய்தோம் என்று ஒரு குறிப்பும் எழுத வேண்டும். எந்த வரியைக் காட்டி எழுதியவர் யார் என்று கேட்டாலும் கிட் பெயரைச் சொல்லிவிடும். அந்தக் கட்டளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே ‘குற்றம் சாட்டு’ என்பதுதான். என் குணத்துக்கென்றே செய்த கட்டளை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதைத் தட்டி, பெயரைப் பிடித்து, கதிரையைத் திருப்பி, "இது ஒங்க வேலதானே?" என்று ஒருவரைக் கேட்டால்தான் எனக்கு வேலை செய்த திருப்தி.

அவர் எங்களோடு மூன்று வருடம் இருந்தார். அந்தக் கட்டளையை அவர் ஒரு நாளாவது தட்டி நான் பார்த்ததில்லை. எங்காவது ஒன்று உடைந்தால், தின்னக் கொண்டுவரும் வெரளிக்காய் அச்சாறு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எது?" என்பார். பிறகு "எப்ப இருந்து?" என்பார். அவ்வளவுதான். மூன்றாவது கேள்வி அவருக்குக் கிடையாது.

ஒருமுறை அலுமாரிச் சாவி தொலைந்துவிட்டது. நான் வழக்கம்போல ஆள் தேடத் தொடங்கியிருந்தேன். அவர் என் பக்கமே திரும்பாமல் எல்லாரையும் பார்த்து, "காலைல ஒம்பது மணிக்கு தொறப்பு ஈந்திச்சா?" என்றார். இருந்தது என்றார்கள். "இப்ப ஒரு மணி. இல்ல. அப்ப பதினொன்டுக்கு?" பதினொன்றுக்கு பிரிண்டருக்குக் கடதாசி எடுத்ததால் அப்போதும் இருந்தது. "பன்னெண்டுக்கு?" பன்னிரண்டுக்கு ஒருவர் தேடி, இல்லாமல் திரும்பியிருந்தார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தால், கடதாசிப் பெட்டியை பல்கனிக்குக் கொண்டுபோனது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் சாவி. பெட்டியைக் கொண்டுபோனவன் நான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிரலிலும் இதே வேலைதான். நல்லபடி ஓடிய நாள் ஒன்று, ஓடாத நாள் ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள பதிவுக்குப் போய் ஓடுகிறதா என்று பார்ப்பது, பிறகு மிச்சப் பாதியின் நடுவே. நூற்றுக்கணக்கான மாற்றங்களில் பிழையான ஒன்றை எட்டு ஒன்பது தடவையில் பிடித்துவிடலாம். கிட்டிலேயே அதற்குக் கட்டளை உண்டு, நானும் படித்திருந்தேன். ஆனால் எனக்கு ஆளைப் பிடிக்கிற அவசரம்.

அவர் எழுதும் குறிப்புகளை வைத்து நான் செய்யாத கேலி இல்லை. இரண்டு வரி மாற்றத்துக்கு எட்டு வரிக் கடிதம். முன்பு எப்படி இருந்தது, அதனால் என்ன நடந்தது, இப்போது என்ன செய்தேன். கடைசியில், இதில் எனக்கு இன்ன சந்தேகம் இன்னும் இருக்கிறது என்று கட்டாயம் ஒரு வரி இருக்கும். "யாருக்குத் தங்கச்சி இந்த லெட்டரு?" என்று கேட்டேன். "அடுத்த வருசம் இந்த எடத்தத் தொறந்து பாத்துட்டு தலையப் பிச்சிக்கிறவருக்கு" என்றார். என் குறிப்புகள் ‘திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’ என்ற அளவில் இருந்தன.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். ஒரு நாள் அவர் கணினி முன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு கிழமை வேலையை ஒரே கட்டளையில் அழித்துவிட்டாராம். "ஓம், நான்தான் அழிச்சனான். இனி என்ன செய்யிறது?" என்றார். நான் ஒரு பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமுவதற்குள் தங்கச்சி தன் கதிரையை நண்பர் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்.

"பயப்பட வேணாம், எல்லாம் உள்ளுக்கு ஈக்கி" என்றார். "கிட்ல விழுந்தது எல்லாம் உடன குப்பைக்குப் போற இல்ல. நீங்க எங்கெங்க நின்டீங்க என்டு அது தனக்கு மட்டும் ஒரு குறிப்பு வச்சிக்கிது. அதப் புடிச்சிட்டுத் திரும்பிப் போகேலும்."

கால்மணி நேரத்தில் இரண்டு கிழமையும் திரும்பி வந்தன. நண்பர் ஏதோ சொல்ல வந்தார். தங்கச்சி டப்பாவை நீட்டி, "வெரளிக்காய் எடுங்க" என்றார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குணம் எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். ஒருமுறை யாரோ வெளியே தெரியக்கூடாத கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிப் பதிந்துவிட்டார்கள். தங்கச்சி அதைக் கண்டு, மாற்றி, எல்லாவற்றையும் ஒழுங்குசெய்த பிறகுதான் முதலாளியிடம் சொன்னார். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், நாங்கள் சேர் என்போம். அவருக்கும் என்னைப் போலவே யார் என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும். யார் என்று கேட்டார். "அது முடிஞ்ச சேர், கடவுச்சொல்ல மாத்தியாச்சு" என்றார் இவர். சேர் மறுபடி கேட்டார். இவர் மறுபடி அதையே சொன்னார், எந்தக் கோப்பு என்றுகூடச் சொல்லவில்லை. சேர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். எனக்கும் கோபம்தான். இப்படி எல்லாரையும் மூடி மூடி வைத்தால் யார் பயப்படுவார்கள், யார் திருந்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை செய்தவரே இவர்தானோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் கூச்சப்படுகிறேன்.

மழை வேலைக்கு வருகிறேன்.

மலைத் தோட்டங்களில் மண் சரியும் இடங்கள் நிறைய. மழைமானி அளவைத் தோட்டத்திலிருந்து போனில் அனுப்புவார்கள். அளவு எல்லையைத் தாண்டினால், பதிந்து வைத்த எல்லா எண்களுக்கும் அவரவர் மொழியில் குறுஞ்செய்தி போக வேண்டும். அதற்கான மென்பொருளை எங்களிடம் கேட்டார்கள். முதலில் சேர்ந்த தோட்டங்களில் ஒன்று நான் பிறந்த தோட்டம். என் அக்கா அங்கே முன்பள்ளி டீச்சர். அம்மாவும் அக்காவும் இருப்பது பணிய லயம், அதாவது சரிவின் அடியில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகள். அதனால் அந்த வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன், சில்லறை வேலைகளை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்தேன். தமிழ்ச் செய்தியை யாழ்ப்பாண நண்பர் எழுதினார். எங்கே போக வேண்டும், மருந்து மாத்திரை, பிள்ளைகளின் கிளினிக் அட்டை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் தனியாக உட்கார்ந்து அந்த நிரலைத் திருத்தினேன். அறுபத்தொரு கொமிட். குறிப்புகளைப் பார்த்தால் எனக்கே வெட்கம். ‘ஐயோ’, ‘திரும்பவும்’, ‘இந்தத் தடவ சரிவரும்’ என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தேன். டீம் லீடர் இத்தனை தடவை தடுக்கி விழுந்ததை மற்றவர்கள் பார்க்க வேண்டுமா? மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் அறுபத்தொன்றையும் ஒரே கொமிட்டாகக் கசக்கிச் சேர்த்தேன். அதற்கும் கிட்டில் வழி உண்டு. குறிப்பில் ‘பல திருத்தங்கள்’ என்று எழுதினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. அந்தக் கிழமையே எனக்குப் புது லெப்டொப் தந்தார்கள். பழையதை அக்காவின் முன்பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, நேத்திலருந்து இங்க கொட்டுது. ஒங்க மெசேஜ் ஒன்னும் வரலியே."

"இன்னும் அளவு தாண்டியிருக்காது."

"தாண்டிருச்சாம். கிளாக்கர் ஐயாவுக்கு சிங்களத்துல வந்திருக்கு. லயத்துல ஒருத்தருக்கும் வரல."

ஒஃபிஸுக்குப் போய்ப் பார்த்தேன். சிங்களச் செய்தி போயிருந்தது, ஆங்கிலச் செய்தி போயிருந்தது. தமிழ்ச் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை. பிழை என்றும் எங்கும் காட்டவில்லை, சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. அன்றைக்கு மழை விட்டுவிட்டது. ஆனால் இரண்டு நாளில் இதைவிடப் பெரிய மழை வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அதற்குள் தமிழ்ச் செய்தி போயாக வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை. குறுஞ்செய்தி அனுப்பித் தரும் நிறுவனம் இடையில் தன் ஏற்பாடுகளை மாற்றியிருந்தது, பழைய பதிப்பு அதோடு பேசாது.

அரை நாள் நிரலைப் படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு என் கை தானாக அந்தக் கட்டளைக்குப் போனது. தமிழ்ச் செய்தியைக் கடைசியாகத் தொட்டது யார்? நண்பரின் பெயர் வந்தது. கதிரையைத் திருப்பினேன்.

"ஒங்க கல்யாணப் பத்திரிகைதான். என்னா செஞ்சு வச்சிருக்கீங்க? அங்க எங்கம்மா இருக்கு."

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஓம், அந்த வசனம் நான்தான் எழுதினனான். ஆனா அதுக்குப் பிறகும் செய்தி போனதெல்லோ?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. சத்தம் கேட்டு சேர் அறைக்குள்ளிருந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவரும் தன் பங்குக்குக் கத்தினார். நண்பர் எழுந்து நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

தங்கச்சி வெரளிக்காய் டப்பாவை மூடி வைத்தார். அன்றைக்குத்தான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து கேட்டேன்.

"அண்ணா, எப்ப இருந்து போகல்ல?"

"தெரியாது."

"அப்ப யாரு என்டு எப்பிடித் தெரியும்?"

அவர் கதிரையைத் தன் கணினிப் பக்கம் திருப்பினார். மூன்று மாதத்துக்கு முன் செய்தி போன பதிவு ஒன்றை எடுத்தார். இன்றையது போகாத பதிவு. நடுவில் எல்லாரும் செய்த முந்நூற்றுச் சொச்சம் மாற்றங்கள். பாதிக்குப் போனார். உண்மையாக அனுப்பாமல், நிரல் செய்தியைத் தருகிறதா என்று மட்டும் ஓட விட்டுப் பார்த்தார். தமிழ் வெளியே வருகிறது. மிச்சத்தில் பாதி. வரவில்லை. இப்படி ஒன்பது தடவை. நாங்கள் எல்லாரும் அவர் கதிரைக்குப் பின்னால் நின்றோம். நண்பரின் மாற்றத்துக்குப் பிறகும் செய்தி போனது நாலாவது தடவையிலேயே தெரிந்துவிட்டது. ஒன்பதாவது தடவை கிட் ஒரே ஒரு கொமிட்டைக் காட்டி நின்றது. ‘பல திருத்தங்கள்.’ நாலாயிரத்துச் சொச்சம் வரி.

என் பெயர் திரையிலேயே இருந்தது. சேர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. தங்கச்சி திரையில் இருந்ததை மெல்லக் கீழே தள்ளி, பெயர் தெரியாதபடி வைத்துவிட்டு, "இதுக்குள்ளதான் ஈக்கி சேர். ஆனா இது ஒரே பெரிய கட்டி. இத ஒடைக்கணும்" என்றார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி, "அண்ணா, இது முந்தி சின்னச் சின்னதா எங்கயாவது ஈந்திச்சா?" என்றார்.

பழைய லெப்டொப் நினைவுக்கு வந்தது. கசக்கியது அதில்தான். கிட் தனக்கென்று வைத்துக்கொள்ளும் குறிப்பு அதில்தான் இருக்கும். அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"நல்ல நேரம் எடுத்த தம்பி. எடமில்லன்னு ஒரே தொல்ல. ஒன்னோட ஃபோல்டர அழிச்சிட்டுப் புள்ளைங்க பாட்டு வீடியோ போடலாமான்னு கேக்கத்தான் இருந்தேன்."

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அக்கா, அழிக்க வேணாம். தொறக்கவும் வேணாம். அப்பிடியே மூடி வைங்க. நாளைக்குக் காலைல வாரோம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் சேர் தன் காரை எடுத்தார். நான் முன்னால், தங்கச்சி பின்னால். நண்பர் ஒஃபிஸில் இருந்து லயத்து எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்து, மழை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முந்தின நாள் அத்தனை பேச்சு வாங்கியவர்தான் அந்த வேலையையும் கேட்டு எடுத்துக்கொண்டார்.

தலாத்துஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியது. சேர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை கேட்டார். "அந்தக் கட்டியைப் போட்டது யார்?" பின்னாலிருந்து, "உள்ளுக்கு எது என்டு பாப்போம் சேர்" என்று பதில் வந்தது. அடுத்த வளைவு. "அந்த யாழ்ப்பாணத்துக்காரரா?" "அவர்ட மாற்றத்துக்குப் பொறகும் செய்தி போன சேர்." அடுத்த வளைவு. "அப்போ யார்?" "எது என்டு தெரிஞ்சா திருத்தலாம் சேர்." நான் கண்ணாடிக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற தேயிலை. அன்றைக்கு அப்படி உன்னிப்பாகப் பார்த்தேன்.

முன்பள்ளியில் பிள்ளைகள் தரையெல்லாம் வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். அக்கா லெப்டொப்பை ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாள். அவர் அதைத் திறந்ததும் முதலில் அந்த ஃபோல்டர் முழுவதையும் வேறொன்றில் பிரதி எடுத்தார். பிரதியில்தான் கை வைத்தார். ஒரு கட்டளை தட்டினார். நான் மறைத்த அறுபத்தொன்றும் வரிசையாக வந்து நின்றன. ஐயோ. திரும்பவும். இந்தத் தடவ சரிவரும். அவர் சிரிக்கவில்லை. பாதி, பிறகு பாதி, ஆறு தடவை. அக்கா கொண்டுவந்த பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் கொமிட்டின் குறிப்பு இதுதான்: ‘நீள மெசேஜ் வந்து என் போனுக்கு ஒரே தொல்ல. இப்போதைக்கு நாலு துண்டோட நிப்பாட்டி வச்சிருக்கேன். பெறகு எடுக்கணும்.’

போனில் ஒரு செய்தி நீளமாக இருந்தால் துண்டு துண்டாகத்தான் போகும். ஆங்கிலம் ஒரு துண்டு, சிங்களம் நாலு. நண்பரின் தமிழ் ஐந்து, அதனால் முழுச் செய்தியும் நின்றுவிட்டது. சோதித்துப் பார்க்கும்போது என் வசதிக்காக, சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பில் அந்த ஒரு வரியை வைத்தேன். எடுக்க வேண்டும் என்று நானே எழுதியும் வைத்தேன். பிறகு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் குறிப்பையும் சேர்த்து நசுக்கினேன். நூற்று நாற்பது வீட்டுக்குப் போக வேண்டிய செய்தியை என் வெட்கம் தடுத்து வைத்திருந்தது.

சேர் எட்டிப் பார்த்தார். "கண்டுபிடித்துவிட்டீர்களா?"

"ஓ சேர். நாலு துண்டுக்கு மேல போகாம ஒரு வரி தடுக்குது. அத எடுத்தா சரி."

"யார்?"

தங்கச்சி கையைத் துடைத்துக்கொண்டு பிளேன்டீயை எடுத்தார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் சொல்ல மாட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சேர் நண்பரைத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

"நான்தான் சேர்" என்றேன். "வரி போட்டதும் நான்தான். அத மறைச்சதும் நான்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். சேர், "திருத்த எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். "அப்போ அதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நண்பருக்குப் போன் எடுத்தார். பிறகு போனை என்னிடம் தந்தார். நேற்றுப் பேசியதெல்லாம் பிழை, என்னுடைய வேலைதான் என்று சொன்னேன். மறுபக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அது பரவாயில்லை. நான் இப்ப எழுபதாவது வீட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறன். மிச்சத்துக்கும் எடுக்கவோ?" என்றார். எதற்கும் எடுங்கள் என்றேன்.

என் லெப்டொப்பைத் திறந்தேன். "நீங்களே தட்டுங்க அண்ணா, நான் சொல்லித் தார" என்றார் அவர். வரியை எடுத்தேன். குறிப்பை அவர் வசனம் வசனமாகச் சொன்னார், நான் எழுதினேன். என்ன இருந்தது, ஏன் இருந்தது, யாருக்குச் செய்தி போகவில்லை, இனி எதைக் கவனிக்க வேண்டும். பதிந்து அனுப்பினோம். முன்பள்ளிப் படிக்கட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று, இது சோதனைச் செய்தி என்று மேலே ஒரு வரி போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். அக்காவின் கையில் போன் அதிர்ந்தது. லயத்துப் பக்கம் ஒரு போன் அடித்தது, பிறகு இன்னொன்று. அம்மா வாசலுக்கு வந்து, போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "என்னாடி இது, இம்புட்டு நீளமா வந்திருக்கு" என்று அக்காவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் மழைமானி எல்லையைத் தாண்டியது. செய்தி போனது. பணிய லயத்தார் மருந்து மாத்திரைகளையும் கிளினிக் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அதற்கு அடுத்த நாள் காலை அக்கா பேசினாள். மண் இறங்கி, லயத்தின் பின்சுவர் மூன்று வீட்டுக்கு உடைந்துவிட்டதாம். அதில் ஒன்று எங்கள் வீடு. "ஒரு ஆளும் உள்ள இல்ல தம்பி. கோழி மட்டும்தான் ரெண்டு போயிருச்சி. அம்மா கோழிக்கு அழுவுது" என்றாள்.

ஒஃபிஸில் எல்லாருக்கும் சொன்னேன். நண்பர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தங்கச்சி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார். சேர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார், ஆனால் வேறு குரலில். "இதைச் செய்தது யார்?"

முதல் தடவையாக அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். "அதுல எழுதி ஈக்கி சேர்" என்று அந்தக் கொமிட்டைத் திறந்து காட்டினார். குறிப்பின் அடியில், பங்களித்தவர்கள் என்று பெயர்களைச் சேர்க்கிற வழக்கம் உண்டு. அன்றைக்குப் படபடப்பில் அவர் சொன்னதையெல்லாம் யோசிக்காமல் தட்டியிருக்கிறேன். தமிழ்ச் செய்தியை எழுதியவர் என்று நண்பரின் பெயர். பழைய பதிவுகளைப் பூட்டி வைத்துக் காப்பாற்றியவர் என்று என் அக்காவின் பெயர், ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாத முன்பள்ளி டீச்சரின் பெயர். எழுதியவர் என்று என் பெயர். தட்டியது என் கை என்பதால் அது தானாக விழுந்திருந்தது. மேலும் கீழும் தேடினேன். அவர் பெயர் எங்கேயும் இல்லை.

"ஒங்க பேரு எங்க தங்கச்சி?"

"நான் தேடிக் குடுத்த மட்டும்தானே" என்று தன் கதிரைக்குப் போய்விட்டார்.

அந்தக் கொமிட்டைத் திருத்திப் பெயரைச் சேர்க்க முடியாது. எல்லாருடைய கணினிக்கும் போய்ச் சேர்ந்த பதிவைப் பிறகு மாற்றக்கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. மாற்றினால் மற்றவர்கள் வேலையெல்லாம் குழம்பும். அந்த ஒழுங்கில் எங்களை நிறுத்தி வைத்திருந்தவரும் அவர்தான். மதியம்வரை யோசித்தேன். எந்தக் கோப்பிலும் ஒரு எழுத்துகூட மாறாத, வெறும் குறிப்பு மட்டும் உள்ள ஒரு கொமிட்டைப் பதியவும் கிட்டில் வழி இருக்கிறது. அதுவரை அது எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை.

அவர் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நீளமான குறிப்பு. இந்தப் பதிவில் நிரல் ஒன்றும் மாறவில்லை என்று தொடங்கி, மழைக்கு முன் அந்த வரியைத் தேடிப் பிடித்தவர் யார், எப்படித் தேடினார், அதற்குள் யார் யாரை அவமானப்படாமல் காப்பாற்றினார் என்று எழுதி, அவருடைய முழுப் பெயரையும் மடவளை என்று ஊரையும் போட்டேன். எல்லாருக்கும் அனுப்பினேன்.

வந்து பார்த்தார்.

"அண்ணா, ஒன்டும் மாறல்லயே. எனத்துக்கு இது?"

"யாருன்னு எழுத வேண்டியிருந்திச்சு."

"அழிங்க அண்ணா."

"எல்லாருக்கும் போயிருச்சே தங்கச்சி."

"ஓம், எனக்கும் வந்திட்டுது" என்றார் நண்பர், திரையிலிருந்து தலையை எடுக்காமல்.

தங்கச்சி என் திரையில் அந்தக் குறிப்பை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை வாசித்தார். பிறகு உட்கார்ந்து, தன் கணினிக்கும் அதை இறக்கிக்கொண்டார்.